கல்வி தேடி ஊர் விட்டுச் செல்லும் பிள்ளைகள்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் எம் தலைவர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலங்களில் எமது வீடுகளிலே ஒரு கேள்வி எழுவதை நாம் காண்கிறோம். பிள்ளையை ஊரிலேயே படிக்க வைப்பதா, வெளியூருக்கு அனுப்புவதா என்பதே அக்கேள்வி. அக்கரைப்பற்றிலிருந்தும் மூதூரிலிருந்தும் கொழும்புக்கும் கண்டிக்கும் புறப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் பிறந்து, ஒலுவிலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் செல்லும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மார்க்கக் கல்விக்காக அறபுக் கல்லூரிகளின் விடுதிகளில் சேர்க்கப்படும் சிறுவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் ஏன் செல்கிறார்கள்? எத்தகைய எண்ணத்தோடு செல்ல வேண்டும்? அவர்களை அனுப்பும் பெற்றாரின் கடமை யாது? இவற்றையே இன்றைய உரையில் நாம் சிந்திக்கவிருக்கிறோம்.

சகோதரர்களே! ஊரை விட்டுச் செல்வதற்குப் பல காரணங்கள் உள்ளன. ஒன்று, தேவையான கல்வி ஊரில் இல்லாமை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவோ கணிதப் பிரிவோ இல்லாத பாடசாலைகள் எமது கிராமங்களில் இன்றும் உள்ளன. பல்கலைக்கழகக் கல்வியிலும் இதே நிலைதான். கட்டடக் கலை கற்க விரும்புபவர் மொறட்டுவைக்கும், மிருக வைத்தியம் கற்க விரும்புபவர் பேராதனைக்கும் செல்லத்தான் வேண்டும்.

இன்னொன்று, அனுமதி வழங்கப்படும் முறை. பல்கலைக்கழக அனுமதி, மாணவனின் இசட் புள்ளியையும், அவனது மாவட்டத்துக்குரிய ஒதுக்கீட்டையும், அவன் விண்ணப்பத்தில் இட்ட விருப்ப வரிசையையும் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. எனவே புத்தளத்துப் பிள்ளைக்கு வந்தாறுமூலையில் இடம் கிடைக்கலாம். கல்முனைப் பிள்ளைக்கு றுகுணையில் கிடைக்கலாம். இங்கே தெரிவு முழுமையாக எம் கையில் இல்லை.

வேறு சிலர் குறிப்பிட்ட ஆசிரியரை, கல்வி நிறுவனத்தின் கட்டுப்பாட்டை, நல்ல சூழலை நாடிச் செல்கிறார்கள். 1884ஆம் ஆண்டு வெலிகமையில் அமைந்த பாரி அறபுக் கல்லூரி, 1892இல் காலியில் அமைந்த பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா, 1931இல் மஹரகமையில் அமைந்த கபூரிய்யா, 1973இல் பேருவளையில் தோன்றிய ஜாமிஆ நளீமிய்யா ஆகியவை தத்தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாத்திரம் பயன்பட்டவை அல்ல. நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் மாணவர்கள் அங்கு சென்று ஓதியிருக்கிறார்கள். எமது ஊர்ப் பள்ளிவாசல்களில் மிம்பரில் நிற்கும் உலமாக்களில் பெரும்பாலானோர் இவ்வாறு ஊர் விட்டுச் சென்றவர்களே. இச்சொற்பொழிவை நிகழ்த்துபவனும் அவர்களுள் ஒருவன்.

இவ்விடத்தில் ஒன்றை மறந்துவிடலாகாது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் தம் தாயகத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது, அவர்களது பிள்ளைகள் புத்தளத்து முகாம்களிலும் கொட்டில்களிலும் இருந்துகொண்டு படித்தார்கள். அவர்கள் தெரிவு செய்து சென்றவர்கள் அல்லர். எங்கே படிக்கலாம் என்று அமர்ந்து ஆலோசிக்கும் வாய்ப்பே அல்லாஹ்வின் நிஃமத்துகளில் ஒன்றாகும்.

அன்பின் நேயர்களே! கல்விக்காகப் பயணம் செய்வது எமது மார்க்கத்துக்குப் புதியதன்று. சீன தேசம் சென்றேனும் கல்வியைத் தேடுமாறு நபியவர்கள் கூறியதாக மேடைகளிலே பலரும் எடுத்துரைப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஆயினும் ஹதீஸ் கலை வல்லுநர்கள் அதனைப் பலமான அறிவிப்பாக ஏற்கவில்லை. அதனைச் சார்ந்து நிற்க வேண்டிய அவசியமும் எமக்கில்லை. ஏனெனில் அல்குர்ஆனே இதற்குப் போதுமான சான்றுகளைத் தருகிறது.

ஸூரதுல் கஹ்ஃபின் 60ஆவது வசனம் முதல் நபி மூஸா (அலை) அவர்களின் பயணம் விவரிக்கப்படுகிறது. அவர்கள் அல்லாஹ்வின் தூதர். அவனுடன் உரையாடும் பேறு பெற்றவர். அத்தகையவர், தமக்குத் தெரியாத ஒன்றை அறிந்த ஓர் அடியார் இருக்கிறார் என்று அறிந்ததும், இரு கடல்கள் சந்திக்கும் இடத்தை அடையும் வரை ஓய மாட்டேன் என்ற உறுதியுடன் புறப்பட்டார்கள். வழியில் களைத்தார்கள், பசித்தார்கள், குறித்த இடத்தைத் தாண்டிச் சென்றுவிட்டு அடிச்சுவட்டைப் பின்பற்றித் திரும்பி வந்தார்கள். இறுதியில் அந்த நல்லடியாரிடம், கற்றுத் தருவதற்காக உம்மைப் பின்தொடரலாமா என்று பணிவுடன் கேட்டார்கள். மூஸா (அலை) அவர்கள் எதை நாடிச் சென்றார்கள் என்பதை இங்கே கவனியுங்கள். அவர்கள் ஊரின் பெயரையோ கட்டடத்தின் பெருமையையோ நாடிச் செல்லவில்லை. தம்மிடம் இல்லாத அறிவையும், அதனை உடைய ஆசானையும் நாடியே சென்றார்கள்.

நபித்தோழர் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரழி) அவர்கள், ஒரே ஒரு ஹதீஸை நேரில் கேட்பதற்காக ஒட்டகம் ஒன்றை வாங்கி, ஒரு மாத காலம் பயணித்து, ஷாம் தேசத்தில் இருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரழி) அவர்களிடம் சென்றார்கள். இன்று இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலையில் இறங்கிவிடும் எமக்கு, பயணத்தின் சிரமத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

எனினும், பயணம் செய்தவர் எல்லோருக்கும் ஒரே கூலி இல்லை. செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தபோது, அதற்கு உதாரணமாக அவர்கள் எடுத்துக்கொண்டதே ஒரு பயணத்தைத்தான். ஹிஜ்ரத் செய்த இருவர் ஒரே பாதையில், ஒரே வெயிலில் நடந்திருக்கலாம். ஒருவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நாடிச் சென்றார். மற்றவர் உலக இலாபத்தை நாடிச் சென்றார். யார் எதை நாடினாரோ அதுவே அவருக்கு உரியதாயிற்று.

இளைஞர்களே! இந்த அளவுகோலை உங்கள் பயணத்தின் மீது வைத்துப் பாருங்கள். நீங்கள் கல்வியை நோக்கிச் செல்கிறீர்களா? அல்லது வீட்டை விட்டு விலகிச் செல்கிறீர்களா? வாப்பாவின் கண்டிப்பும் உம்மாவின் விசாரிப்பும் இல்லாத இடத்தில் விரும்பியபடி இருக்கலாம் என்பதற்காகவே தூரத்துக் கல்லூரியைத் தேடும் பிள்ளைகள் இல்லாமலில்லை. வாப்பாவின் கண்ணுக்கு மறைவான ஊர்கள் உண்டு. அல்லாஹ்வின் பார்வைக்கு மறைவான ஊர் எங்கே உண்டு? எங்கிருந்தாலும் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் உபதேசித்தது இதற்காகத்தான்.

பெற்றாரே! உங்களிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை கொழும்பில் படிக்கிறான் என்பதற்காக உங்கள் பிள்ளையையும் கொழும்புக்கு அனுப்புகிறீர்களா? அதனிலும் பாரதூரமான ஒன்று உண்டு. வீட்டில் அடங்காத பிள்ளையை, படிப்பில் பின்தங்கிய பிள்ளையை, எங்காவது மத்ரஸாவில் விட்டால் திருந்திவிடுவான் என்று கொண்டுபோய்ச் சேர்க்கும் வழக்கம் எம்மிடையே இருக்கிறது. மத்ரஸா சிறைச்சாலை அன்று. தண்டனையாக அனுப்பப்பட்ட பிள்ளை கல்வியையே தண்டனையாக எண்ணிக்கொள்கிறான். சில வேளைகளில் மார்க்கத்தையும் அவ்வாறே எண்ணத் தலைப்படுகிறான். இதற்கு நாம் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வோம்?

சகோதரர்களே! ஊர் விட்டு வந்து படித்த இளைஞர்களுடன் நபி (ஸல்) அவர்கள் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள ஒரு சம்பவம் காட்டுகிறது. மாலிக் பின் ஹுவைரிஸ் (ரழி) அவர்களும் சம வயதுடைய சில இளைஞர்களும் மதீனாவுக்கு வந்து, நபியவர்களிடம் 20 இரவுகள் தங்கியிருந்து கற்றார்கள். அவர்கள் குடும்பத்தாரை நினைத்து ஏங்குகிறார்கள் என்பதை நபியவர்கள் தாமாகவே உணர்ந்துகொண்டார்கள். வீட்டில் யார் யாரை விட்டு வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். பின்னர், குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று அவர்களுடன் இருந்து அவர்களுக்குக் கற்றுக் கொடுக்குமாறும், தாம் தொழுததைக் கண்டவாறே தொழுமாறும் பணித்து அனுப்பி வைத்தார்கள்.

இதில் எத்தனை படிப்பினைகள்! உலகின் மிகச் சிறந்த ஆசான் முன்னால் அமர்ந்திருந்தும் அந்த இளைஞர்களுக்கு வீட்டு நினைவு வந்தது. அதனை நபியவர்கள் குறையாகக் கருதவில்லை, ஏளனம் செய்யவுமில்லை. ஆகவே 12, 13 வயதில் விடுதியில் சேர்க்கப்பட்ட பிள்ளை இரவில் அழுகிறான் என்றால், அவனைக் கோழை என்று சொல்லாதீர்கள். பிள்ளையை ஒப்படைத்த பின்னர் விடுமுறை வரும் வரை எட்டிப் பாராத பெற்றாரை நாம் காண்கிறோம். மாதம் ஒரு முறையேனும் சென்று பாருங்கள். தொலைபேசியில் பேசும்போது புள்ளிகளை மாத்திரம் கேளாதீர்கள். சாப்பாடு எப்படி, உறக்கம் எப்படி, யாரேனும் துன்புறுத்துகிறார்களா என்றும் கேளுங்கள். பிள்ளை ஒரு குறையைச் சொன்னால், பொய் சொல்கிறான் என்று உடனே ஒதுக்காது விசாரித்துப் பாருங்கள். விடுதியில் விட்டதால் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. பிள்ளை என்றும் உங்கள் அமானிதமே.

பல்கலைக்கழகம் செல்லும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. பகிடிவதை, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி இந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாகும். அதற்கு முன்பே அது எமது மார்க்கத்தில் ஹறாமானது. தூரத்து ஊரிலிருந்து தகரப் பெட்டியுடன் வந்து இறங்கும் புதிய மாணவன் உங்கள் விருந்தாளி. அவன் பேசும் ஊர்ப் பேச்சைக் கேலி செய்வதும், அவனை இழிவுபடுத்துவதும் ஒரு முஃமினின் பண்பன்று. கடந்த வருடம் உங்களை ஒருவர் துன்புறுத்தினார் என்பது, இவ்வருடம் நீங்கள் இன்னொருவரைத் துன்புறுத்துவதற்கு அனுமதியாகாது.

அடுத்து, பெண் பிள்ளைகளின் விடயம். இரவு பகலாகப் படித்துப் பல்கலைக்கழக அனுமதி பெற்ற மகளின் கடிதத்தை, தூரம் என்ற ஒரே சொல்லால் மடித்து வைத்துவிடும் வீடுகள் உண்டு. தந்தையின் அச்சம் நியாயமானது. அதனை நாம் குறைத்துச் சொல்லவில்லை. பாதுகாப்பான தங்குமிடம், துணையுடன் கூடிய பயணம், நல்ல தோழியர் ஆகியவற்றைத் தேடித் தருவது எம் பொறுப்பு. ஆனால் அவற்றைத் தேடிப் பார்க்கும் முன்னரே கதவை மூடிவிடுவது நீதியாகுமா? ஆண்களே தங்களிடம் அதிகம் கற்கிறார்கள், எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தாருங்கள் என்று ஸஹாபிப் பெண்கள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதனை மறுக்கவில்லை. நாள் குறித்துக் கற்பித்தார்கள். எமது பெண் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கவும் கல்வி கற்பிக்கவும் முஸ்லிம் பெண்கள் வேண்டும் என்று விரும்பும் நாம், அவர்கள் படிப்பதற்கும் வழி செய்ய வேண்டாமா? ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் நலன்புரிச் சங்கங்களும், ஒரே வளாகத்துக்குச் செல்லும் மாணவிகள் கூட்டாகத் தங்கவும் பயணிக்கவும் ஏற்பாடு செய்யலாம்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் தாயாரையும் இங்கு நினைவுகூர்வோம். கணவரை இழந்த அத்தாய், சுமார் 16 வயதான மகனையும் அவரது சகோதரரையும் அழைத்துக்கொண்டு ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். ஹஜ் முடிந்ததும் தாயும் சகோதரரும் புகாராவுக்குத் திரும்பினார்கள். மகன் கல்விக்காக மக்காவில் தங்கிவிட்டார். அன்று அத்தாய் தாங்கிக்கொண்ட பிரிவின் பயனை முஸ்லிம் உலகம் இன்றளவும் அனுபவிக்கிறது.

அதே வேளை, எல்லோரும் தூரம் செல்லத்தான் வேண்டும் என்பதுமில்லை. போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், பெற்றார் உயிருடன் இருக்கிறார்களா என்று நபியவர்கள் வினவினார்கள். ஆம் என்றதும், அவர்களுக்குப் பணிவிடை செய்வதிலேயே பாடுபடுமாறு கூறினார்கள். நோயுற்ற தாய்க்கு நீங்கள் ஒருவரே துணை என்றால், கடன்பட்டுத்தான் வாப்பா உங்களை அனுப்ப வேண்டும் என்றால், அருகிலுள்ள கல்லூரியில் அதே கல்வி கிடைக்கும் என்றால், அதனைத் தெரிவு செய்வது தாழ்வன்று. அதிலும் நன்மை இருக்கிறது.

இறுதியாக, ஸூரதுத் தவ்பாவின் 122ஆவது வசனம் கூறும் ஒழுங்கைக் கவனியுங்கள். ஒவ்வொரு கூட்டத்தாரிலிருந்தும் ஒரு சிலர் புறப்பட்டுச் சென்று மார்க்கத்தில் விளக்கம் பெற வேண்டும்; தம் மக்களிடம் திரும்பியதும் அவர்களை எச்சரிக்க வேண்டும். செல்வது, கற்பது, திரும்பி வந்து பயனளிப்பது ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. மாலிக் பின் ஹுவைரிஸ் (ரழி) அவர்களுக்கும் தோழர்களுக்கும் நபியவர்கள் கூறியதும் அதுவே. இன்று நாம் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறோம்.

திரும்புவது என்றால் பிறந்த தெருவிலேயே குடியிருப்பது என்று பொருளன்று. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள், கொழும்பிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் கற்று, இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிமானார்கள். 1942இல் கல்முனைக்கு அதிகாரியாக வந்தபோது, அங்குள்ள பிள்ளைகளின் கல்வி நிலையைக் கண்டு வருந்தினார்கள். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவ முன்னின்றார்கள். வறிய மாணவர் பலர் உயர் கல்வி கற்க அந்நிதி கைகொடுத்தது. தாம் பெற்ற கல்வியை, தம் ஊரல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கும் அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆகவே, இளைஞர்களே! ஊர் விட்டுச் செல்லும்போது எண்ணத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். பெற்றாரின் துஆவைப் பெற்றுச் செல்லுங்கள். விடுதியில் ஐவேளைத் தொழுகையைப் பேணுங்கள். விடுமுறையில் வந்தால் உங்கள் ஊர்த் தம்பி, தங்கையருக்கு ஒரு பாடமேனும் சொல்லிக் கொடுங்கள். உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றிய உங்கள் அயல் வீட்டுப் பிள்ளைக்கு விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் இருக்கலாம். அவனுடன் அமர்ந்து அதனை நிரப்பிக் கொடுப்பதும் திரும்பி வருவதன் ஒரு பகுதியே.

யா அல்லாஹ்! கல்விக்காகப் பிரிந்திருக்கும் எமது பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக! பயனுள்ள அறிவை அவர்களுக்கு அதிகப்படுத்துவாயாக! அவர்களைப் பிரிந்து வாடும் பெற்றாரின் உள்ளங்களுக்கு அமைதி தருவாயாக! கற்றவர்களை, தம் மக்களுக்குப் பயன்படுபவர்களாகத் திருப்பித் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.