பனிமலைப் பாதையும் எண்ணெய்ப் பீப்பாயும்

காஷ்மீரப் பள்ளத்தாக்கிலிருந்து லடாக்குக்குச் செல்லும் நெடுஞ்சாலை, ஜோஜி லா என்னும் கணவாயில் 11,500 அடிக்கு மேல் ஏறுகிறது. குளிர்காலத்தில் பனி குவிந்து பாதை அடைபடும். அதைத் திறப்பது 1960-இல் தோன்றிய எல்லைச் சாலை அமைப்பின் பொறுப்பு. சோனமர்க் பக்கமிருந்து பீக்கன் பிரிவினரும், திராஸ் பக்கமிருந்து விஜயக் பிரிவினரும் பனியை அகற்றிக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பர். இக்காட்சியைப் படத்தில் கண்ட நேயர்கள் பலர் இருப்பீர்கள். படத்தில் காணாத ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அப்பாலுள்ள இயந்திரங்களுக்கு வேண்டிய எண்ணெய், பாதை அடைபடுமுன்பே அங்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே, அதை எவ்வாறு கணக்கிடுவது?

சமவெளியில் எண்ணெய் குறைந்தால் சொல்லியனுப்பலாம். மறுநாள் லாரி வந்துவிடும். கணவாய்க்கு அப்பால் அந்த மறுநாள் என்பது கிடையாது. எனவே மாதச் செலவை விடுத்து, பாதை மூடும் நாளிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும். முன்பெல்லாம் பாதை பல மாதங்கள் மூடிக் கிடந்தது. 2025-இல் 32 நாட்களில் திறந்துவிட்டனர். அதை நம்பி 32 நாளுக்கு மட்டும் வாங்குவது சூதாட்டம். நூறு நாளுக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 8 மணி உழைக்கும் இயந்திரம் 800 மணி ஓடும். 250 மணிக்கொரு முறை எஞ்சின் எண்ணெயை மாற்றுவதானால் மூன்று மாற்றம். தடவைக்கு 30 லிட்டராக, பத்து இயந்திரங்களுக்கு 900 லிட்டர். அதாவது 210 லிட்டர்ப் பீப்பாய் ஐந்து. பள்ளிப் பிள்ளையும் இதைப் போட்டுவிடுவான்.

தொல்லை தருவது ஹைட்ராலிக் எண்ணெய். அது மணிக்கணக்கில் செலவாவதில்லை. புல்டோசரின் முன்தகட்டை உயர்த்தும் குழாய் கடுங்குளிரில் விறைத்து வெடித்தால், சிறிது நேரத்தில் தொட்டியே வற்றிவிடும். டீசல் நிறைய இருந்தும் இயந்திரம் நிற்கும். அப்பாலுள்ள ஊர்களுக்குக் காய்கறியும் மருந்தும் வரும் நாள் தள்ளிப்போகும். ஆகையால், இயந்திரத்துக்கு ஒரு தொட்டி அளவு எண்ணெயும், மாற்றுக் குழாய்களும் தனியே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. செலவாகாத சரக்கு என்று தணிக்கையாளர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

அளவு சரியாயிருந்தால் போதாது, தரமும் இடத்துக்கு ஏற்க வேண்டும். சமவெளிக்கான டீசல் கடுங்குளிரில் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினால் டீசலின் மசகுத் தன்மை குறைந்து பம்பு தேயும். இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்குக்கென்று வெளியிட்ட குளிர்கால டீசல், பூஜ்யத்துக்குக் கீழ் 33 டிகிரி வரை ஓட்டம் இழக்காதது. எஞ்சின் எண்ணெயும் அவ்வாறே குளிருக்கென்று தேர்ந்ததாக இருத்தல் வேண்டும்.

கொண்டு சேர்த்த பீப்பாய்களை வெட்டவெளியில் நிமிர்த்தி வைப்பதைப் பல இடங்களில் காணலாம். உருகிய பனிநீர் மேல்தட்டில் தேங்கும். பகல் வெப்பத்தில் விரிந்த காற்று இரவில் சுருங்கும்போது, பீப்பாய் மூடியின் இடுக்கு வழியே அந்நீரை உறிஞ்சிக்கொள்ளும். படுக்க வைத்து, இரு மூடிகளும் ஒரே மட்டத்தில் எண்ணெய்க்குள் அமிழ்ந்திருக்கச் செய்தால் இத்தொல்லை இல்லை.

சரக்கை இறக்கிய லாரி வெறுமனே திரும்ப வேண்டியதில்லை. கழித்த எண்ணெயை அதில் ஏற்றிக் கீழே அனுப்பலாம். மேலேயே கொட்டினால் அது திராஸ் ஆற்றில் இறங்கி, சுரு ஆற்றின் வழியே சிந்து நதியைச் சேரும்.