திரைக்குப் பின்னே

உரும்பிராய்க் கற்பகப் பிள்ளையார் கோயிலிலே திருவிழாக் காலத்தில் அடியார்கள் திரையை நோக்கிக் காத்து நிற்பர். திரைக்கு அப்பால் சாத்துப்படி நடைபெறுகின்றது. பட்டைக் கொசுவி உடுத்தி, மாலைகளை இடம்பார்த்துச் சாத்தும் கைகளை எவரும் காண்பதில்லை. மணி ஒலிக்கத் திரை விலகுகின்றது. கண்ணுக்கு எட்டுவது முடிந்த அழகு மட்டுமே. வழிபாடு வேறு, உலகியற் கேளிக்கை வேறு. எனினும், அழகு மறைவிலே ஆக்கப்படுகின்றது என்னும் உண்மை இரண்டுக்கும் பொதுவாகும். ஆடை அலங்காரக் காட்சி என்பதும் அத்தகையதே.

இக்காட்சி மேனாட்டிலே தோன்றியது. 1858ஆம் ஆண்டிலே பாரிசில் ஆடையகம் நிறுவிய சார்ள்ஸ் பிரெடெரிக் வேர்த் என்னும் ஆங்கிலேயர், தாம் அமைத்த உடைகளை நடமாடும் பெண்களுக்கு அணிவித்து வாங்குவோர்க்குக் காட்டினார். 1943இல் எலினோர் லாம்பேட் என்னும் அம்மையார் நியூயோர்க்கிலே பத்திரிகையாளருக்கென ஆடைக் காட்சி வாரம் ஒன்றை ஒழுங்குசெய்தார். கொழும்பு ஆடை அலங்கார வாரம் 2003இல் தொடங்கிற்று.

ஓர் உடை மேடையிலே தோன்றுவது ஒரு நிமிட அளவே. அந்த ஒரு நிமிடத்துக்காகப் பல வாரங்கள் செலவாகின்றன. முதலிலே உடுத்து நடப்போர் தெரிந்தெடுக்கப்படுவர். பின்னர் அவரவர் உடலுக்கு ஏற்ப உடைகள் அளவு பார்த்துத் திருத்தப்படும். எதன்பின் எது வருவது என்னும் வரிசை எழுதப்பட்டு, ஒப்பனை அறைச் சுவரிலே படங்களோடு ஒட்டப்படும். ஒவ்வொருவர்க்குமுரிய உடைகள் தனித்தனியே வரிசைப்படி தொங்கவிடப்படும். அதனதன் சீட்டிலே அதற்குரிய காலணியும் காதணியும் குறிக்கப்பட்டிருக்கும். ஸ்திரிக்கைப் பெட்டியோடு ஒருவர், ஊசி நூலோடு ஒருவர், உடுத்துவிடுவதற்குச் சிலர், வாயிலிலே நின்று இசைக்கு இசைய ஆளனுப்புவதற்கு ஒருவர் என வேலை பகுக்கப்படும். மேடையிலிருந்து மீண்டவர் மறு உடைக்கு மாறுதற்குக் கிடைப்பது ஓரிரு நிமிடமே. அப்பொழுது கொக்கி ஒன்று அறுந்தால், ஊக்கு எங்கே என்று தேடுதற்கு நேரமில்லை.

ஏற்பாடு பிழைத்தவிடத்தும் காட்சியைக் காப்பது மறைவிலே நிற்போரின் மதிநுட்பமே. 1973ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், வேர்செய் அரண்மனையைப் புதுக்குதற்குப் பொருள் திரட்டும்பொருட்டு, பிரெஞ்சு ஆடைக் கலைஞர் ஐவரும் அமெரிக்கர் ஐவரும் அங்கே காட்சி நடத்தினர். பிரெஞ்சுக்காரர் இசைக்குழுவோடும் பெரிய மேடைக் காட்சிகளோடும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடத்தினர். அமெரிக்கருக்கோ ஒத்திகை பார்க்க இரவு நெடுநேரம்வரை மேடை கிட்டவில்லை. அவர்களுடைய பின்திரையும் அளவுமுறைக் குழப்பத்தினாலே குறுகிப்போயிற்று. அவர்கள் அதனைக் கைவிட்டு, ஈபெல் கோபுரத்தின் கோட்டுச் சித்திரம் ஒன்றையே பின்னணியாகக் கொண்டனர். கறுப்பின மாதர் பலரும் இடம்பெற்ற அக்காட்சி, ஏறக்குறைய அரைமணி நேரத்திலே, நடையின் மிடுக்கினாலும் விரைவினாலும் சபையோரின் பெரும் ஆரவாரத்தைப் பெற்றது.

உரும்பிராய் போன்ற ஓர் ஊரிலே, மாதர் சங்கமோ பாடசாலையோ கைத்தறி ஆடைகளைக் கொண்டு இத்தகைய காட்சியை நடத்த முற்படின், மேடைக்குச் செலவிடுமுன் உடை மாற்றும் அறையைக் கவனித்தல் வேண்டும். அவ்வறைக்குத் தாழ்ப்பாள் உண்டா? வெளிச்சமும் காற்றும் போதுமா? உள்ளே செல்லத்தக்கவர் யார் யார்? இன்று கையடக்கத் தொலைபேசி ஒவ்வொன்றும் ஒரு நிழற்படக் கருவியாயிருக்கின்றது. அதனை அவ்வறை வாயிலிலேயே வாங்கி வைப்பதற்குப் பொறுப்பான மூத்த பெண்மணி ஒருவர் இருத்தல் வேண்டும். தம்மை நம்பி அனுப்பப்பட்ட பெண்பிள்ளைகளின் மானத்தைக் காவாத காட்சி, மேடையிலே எத்துணை சிறந்தாலும், தோற்ற காட்சியேயாகும்.

இன்னும் ஒன்று. காட்சி முடிவிலே ஆடைக் கலைஞர் மேடைக்கு வந்து வணங்குவதும் சபையோர் கைதட்டுவதும் வழக்கம். நூலை நெய்தவரும், இரவிரவாகத் தைத்தவரும், குனிந்து காலணி மாட்டிவிட்டவரும் அப்பொழுதும் உள்ளேதான் நிற்கின்றனர். அவர்களுடைய பெயர்களையும் சபை கேட்க வாசித்தற்கு இரண்டு நிமிடம் போதும். நிகழ்ச்சி நிரலிலே அந்த இரண்டு நிமிடத்துக்கு முதலிலேயே இடம் ஒதுக்குவோர், திரைக்குப் பின்னுள்ள உழைப்பின் அருமையை உணர்ந்தவராவர்.