மணலுக்குள் ஓர் ஒழுங்கு

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலோடு கலந்து கிடக்கும் மஞ்சள் மணிகளை நம்மவர் பலரும் மிதித்து நடந்திருப்போம். 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர், கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டே அதனை மோனசைட் எனக் கண்டறிந்தார். நாமோ நெடுநாள் வெறும் மணலென்றே எண்ணியிருந்தோம்.

அது அருமண் உலோகங்களின் பாஸ்பேட். அதன் படிகத்தில் ஒவ்வோர் அருமண் அணுவையும் ஒன்பது ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்துள்ளன. லாந்தனம் முதல் கடோலினியம் வரை இவ்வொழுங்கே. அப்பால் அணு சிறுத்துவிடுவதால் எட்டு அணுக்களே சூழ, செனோடைம் என்னும் வேறு படிகம் அமைகிறது.

மோனசைட்டில் தோரியமும் இடம் பெறுகிறது. அதன் கதிர்வீச்சால் சிர்கான் போன்ற கனிமங்கள் உருக்குலையும்; மோனசைட்டோ தன் ஒழுங்கைத் தானே மீட்டுக்கொள்கிறது. ஆதலின் அணுஉலைக் கழிவை இப்படிகத்துள் அடைத்து வைக்க இயலுமா என்று அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர்.