ஹெபேர் அடிகளாரின் நாற்பத்திரண்டு ஆண்டுகள்



அருட்தந்தை யூஜின் ஜோன் ஹெபேர் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் 1990 ஆகஸ்ட் 15 இல் போய் நின்றுவிடுகிறது. அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வந்து சேரவில்லை. உடன் சென்ற தமிழரும் வரவில்லை. அந்த நாளின் கொடுமையைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் காணாமற்போன நாளே ஒருவருடைய வரலாறாகிவிட்டால், 1948 முதல் அவர் இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் பார்த்த வேலை வெறும் முன்னுரையாகச் சுருங்கிவிடும். பிடித்துச் செல்லப்பட்டோருக்காக அதிகாரிகளிடம் பேசிய மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் அவருக்கு இருந்த மதிப்பு, பள்ளிக்கூட முற்றங்களில் பல்லாண்டு உழைத்துத் தேடிய மதிப்பு என்பதே என் வாதம்.

அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த இயேசு சபைத் துறவி அவர். கிழக்கில் 1895 முதல் பிரெஞ்சுத் துறவிகள் நடத்திவந்த பணியை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அச்சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தார் ஏற்றார்கள்; அவர்களோடு வந்தவர் ஹெபேர். அப்போது திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் கையில்தான் இருந்தது. 1957 இல்தான் அது இலங்கையிடம் வந்தது. வெள்ளைக்காரர் என்றால் கப்பலில் வந்து கப்பலிலேயே போகிறவர் என்றிருந்த ஊரில், 1867 இல் தோன்றிய புனித சூசையப்பர் கல்லூரியில் அவர் கற்பித்தார்; கூடைப்பந்தாட்டமும் பழக்கினார். பந்தாட்டம் கல்வியாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிரிக்கெட்டுக்குப் பெரிய மைதானமும் விலைகூடிய சாமான்களும் வேண்டும். கூடைப்பந்துக்கு இரண்டு வளையம், ஒரு பந்து, ஒரு துண்டு நிலம் போதும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் சமமாக நின்று ஆடலாம். தவறு செய்த ஆட்டக்காரர் தானே கையை உயர்த்திக் காட்ட வேண்டும் என்பது அக்காலத்து வழக்கம். பல சமயத்தாரும் பல மொழியாரும் கலந்து வாழும் துறைமுக ஊரில் தவறைத் தானே ஒப்புக்கொள்வது சின்னப் பாடமல்ல. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் அவர் இதையே செய்தார். மட்டக்களப்பு நகரில் இன்னொரு நியூ ஓர்லியன்ஸ் துறவியான வெபர் அடிகளாரின் பெயரில் விளையாட்டரங்கே இருக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பும் உண்டு. மிஷன் கல்வி அந்நிய ஆட்சியின் நிழலில் வளர்ந்தது, அதன் ஆசிரியர்களைக் கொண்டாடுவதில் அடிமைப் புத்தி கலந்திருக்கிறது என்பார்கள். மிஷன் பாடசாலைகளின் வரலாற்றில் இதற்குச் சான்று நிறைய இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கைக்கு மாற்றியபோது, மிஷனின் பழைய அதிகாரம் பெரும்பகுதி போய்விட்டது. அதிகாரத்துக்காக வந்தவர் அத்தோடு ஊர் திரும்பியிருக்கலாம். ஹெபேர் மேலும் முப்பது ஆண்டு இருந்தார். பிற்காலத்தில், கல்லூரிக்குப் போகாத இளைஞருக்குக் கைத்தொழில் பழக்கும் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தை நடத்தினார். நிழல் விலகிய பிறகும் வேலை தொடர்ந்தது என்பதை எதிர்வாதிகள் கணக்கில் எடுப்பதில்லை.

அமெரிக்கக் கடவுச்சீட்டு இருந்தவருக்குத் துணிச்சல் எளிது என்பது மூன்றாவது மறுப்பு. பிடித்துச் செல்லப்பட்டோரின் பெயர்களைத் திரட்டி அதிகாரிகள் முன் வைப்பது சமாதானக் குழுவின் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அதில் வெளிநாட்டவருக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்திருக்கலாம். ஆனால் 1990 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். 12 ஆம் திகதியளவில் ஏறாவூரில் முஸ்லிம்களும் வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்த தமிழரும் கொல்லப்பட்டனர். மூன்று நாள் கழித்து, ஏறாவூர் வழியாகச் செல்லும் வீதியில்தான் அவருடைய பயணம். கடவுச்சீட்டு அவரைக் காக்கவில்லை. உள்நாட்டுப் போரில் வடக்கு கிழக்கில் காணாமற்போன ஆயிரக்கணக்கானோருக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்தது. பொறுப்பாளிகள் யார் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னதில்லை.

அந்தத் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டேயிருப்போம். ஆனால் அவருடைய திருகோணமலை ஆண்டுகளை எழுதிவைக்க எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அவரிடம் படித்தவர்களும் ஆடியவர்களும் இன்று முதுமையில் இருக்கிறார்கள். பழைய மாணவர்கள் தங்களிடமுள்ள அணிப் படங்களையும் ஆண்டு மலர்களையும் புனித சூசையப்பர் கல்லூரி நூலகத்தில் ஒப்படையுங்கள். நினைவில் உள்ளதைத் திகதியோடு எழுதிக் கொடுங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.