சுறாவின் வாயும் கடல்கட்டியின் வாயும்

(காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில் நாம் செய்த சொற்பொழிவு)



இத்தாமலில் ஏரி மீனைப் பற்றிப் பேச வந்தால் நீங்கள்தான் நமக்குப் பாடம் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே கடல் மீனொன்றைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறோம். அது சுறா. சுறாவுக்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தமென்று சில தோழர்கள் சிரிக்கிறார்கள். சம்பந்தமிருக்கிறது. அந்த மீனின் வாயைக் காட்டி, ஏழை மனிதனின் வாயிலிருந்த சோற்றைப் பிடுங்கித் தின்ற ஒரு கூட்டம் நம் பக்கத்துக் கடற்கரையில் ஏறக்குறைய 600 வருஷ காலம் பிழைத்திருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்து வந்ததை அறிவீர்கள். நம் கரையில் அது 1961ஆம் வருஷத்தோடு நின்று போயிற்று. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவ்வழியாக வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்து வியாபாரி எழுதியிருப்பது என்னவென்றால், எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குப் போகுமாம்; இருபதில் ஒரு பங்கு, பெரிய மீன்கள் ஆளைக் கடிக்காதபடி மந்திரம் போடுகிறவர்களுக்குப் போகுமாம். அந்த மந்திரக்காரர்களை அவர் "ஆப்ராயமன்" என்று குறிக்கிறார். பிராமணன் என்பதைத்தான் அவர் காதில் விழுந்தபடி எழுதினாரென்று அறிஞர்கள் கொள்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அம்மந்திரம் பகலில் மட்டும் பலிக்குமாம். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்து விட்டு விடுவார்களாம். இராத்திரியில் எவனும் திருட்டுத்தனமாய் இறங்கி முத்தெடுத்து விடக் கூடாதல்லவா? பகலில் புரோகிதம், இரவில் காவற்காரன் உத்தியோகம்!

பிற்காலத்தில் இந்த மந்திரக்காரனுக்குக் கடல்கட்டி என்று பெயர். கடலைக் கட்டுகிறவன், அதாவது சுறாவின் வாயைக் கட்டுகிறவன். வெள்ளைக்கார சர்க்காரும் முத்துச் சலாபத்தில் இவனை வைத்துக் கொண்டிருந்தது. ஏனெனில் இவன் கரையில் நின்று முணுமுணுத்தாலொழியக் குளிகாரர்கள் தோணியை விட்டு இறங்க மாட்டார்கள். சரி, கட்டப்பட வேண்டிய அந்த வாய்தான் எப்படிப்பட்டது? அதைத் திறந்து பார்க்க வேண்டாமா?

கோவில் குளத்தில் பொரி போடுகிறீர்கள். கெண்டை வந்து அதைக் கவ்வுகிறதா? நிதானமாய்ப் பாருங்கள். வாய்க்கு எதிரே வந்ததும் பொரி தானாகவே உள்ளே ஓடி விடுகிறது. மீன் செய்தது ஒன்றே ஒன்றுதான். மூடியிருந்த வாயையும் தொண்டையையும் திடீரென்று அகல விரித்தது. உள்ளே இடம் பெருகிற்று, அழுத்தம் குறைந்தது, வெளியிலுள்ள தண்ணீர் அந்த இடத்துக்குள் பாய்ந்தது, தண்ணீரோடு பொரியும் போயிற்று. பிறகு தண்ணீரைச் செவுள் வழியாய் வெளியே விட்டு விட்டுப் பொரியை மட்டும் நிறுத்திக் கொண்டது.

இங்கே நெசவாளத் தோழர்கள் இருக்கிறீர்கள். நாடாவின் கண்ணில் வாயை வைத்து இழையை உறிஞ்சிக் கோத்தவர்கள் உங்களில் உண்டு. (நெஞ்சுக்குக் கெடுதி, செய்யாதீர்கள், அது வேறு விஷயம்.) நீங்கள் இழுத்ததாக நினைக்கிறீர்கள். இழையை உள்ளே தள்ளியது வெளியிலுள்ள காற்று. நீங்கள் செய்ததெல்லாம் வாய்க்குள் அதற்கு வழி விட்டதுதான்.

கடலடியில் கிடக்கும் சில சுறாக்கள் செய்வதும் இதுவே. சுறாவில் 500க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. வெள்ளைச் சுறா, புலிச் சுறா முதலியவை கடித்து அறுப்பவை. ஆனால் மூங்கிற்சுறா என்று பெயரிடப்பட்டுள்ள ஒரு வகை, இரண்டு மூன்றடி நீளத்தில், நம் கரையோரங்களிலும் இருக்கிறது. நண்டு, இறால், புழு, சிறு மீன் ஆகியவையே அதன் ஆகாரம். பாறையிடுக்கில் ஒளிந்த நண்டைப் பல்லால் எப்படிப் பிடிப்பது? வாயை வட்டமான குழாய் போலாக்கி இடுக்கில் வைத்து, தொண்டையின் அடிப்புறத்தைக் கீழே இறக்கி, கண் இமைக்கும் நேரத்தில் உறிஞ்சி விடுகிறது. இந்துமகா சமுத்திரத்தில் வாழும் நர்ஸ் சுறா இதிலும் பலசாலி. வளைக்குள் பதுங்கிய கணவாயையே வெளியே கொண்டு வந்து விடும். அதன் உறிஞ்சுதல் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தை எட்டுவதாக அளந்திருக்கிறார்கள். அதாவது சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 ராத்தல்.

இவ்வளவு பலம் அந்தச் சிறு தலைக்கு எங்கிருந்து வந்தது? 2017ஆம் வருஷம் அமெரிக்காவில் பிரௌன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். மூங்கிற்சுறாவின் உடம்பில் சிறு உலோக மணிகளைப் பதித்து, அது தின்னும்போது எக்ஸ்ரே கொண்டு சலனப் படமெடுத்தார்கள். வாய் திறந்த சிறிது நேரத்துக்கெல்லாம் அதன் தோள்வளையம் பின்புறமாகச் சாய்வது தெரிந்தது. தோள் என்பது துடுப்பை அசைப்பதற்கும் மற்றத் தசைகள் பற்றிக் கொள்ளுவதற்கும் மட்டும் உள்ளதென்று எண்ணியிருந்தார்கள். அதுவோ தொண்டையை விரிப்பதற்கும் உதவுகிறது. அந்த மீன் தோளாலும் சாப்பிடுகிறது என்று சொல்லலாம். இது எந்தப் புராணத்திலும் இல்லை. மச்சாவதாரம் எடுத்தவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்; அவர் ஏனோ யாருக்கும் சொல்லி வைக்கவில்லை.

இவ்வளவு பலமுள்ள வாய் மனிதனையும் இழுத்துக் கொள்ளாதா என்று ஒரு தோழர் கேட்கிறார். நல்ல கேள்வி. வீட்டுக்குப் போனதும் அகல் விளக்கை ஏற்றி, முழம் தூரத்திலிருந்து ஊதுங்கள், அணைந்து விடும். திரும்ப ஏற்றி, அதே தூரத்திலிருந்து எவ்வளவு பலமாய் வேண்டுமானாலும் உறிஞ்சிப் பாருங்கள், சுடர் அசையாது. ஊதும் காற்று ஒரே முகமாய்ப் போகிறது. உறிஞ்சும்போது காற்று நாலா பக்கத்திலிருந்தும் வருகிறபடியால் சிறிது தள்ளியே அதன் வேகம் செத்துப் போகிறது. சுறாவின் உறிஞ்சுதலும் வாய்க்கு முன் ஓரிரண்டு அங்குலத்துக்குள்தான். ஆகையால்தான் அது இடுக்கில் போய் வாயை வைக்கிறது.

நிற்க, எல்லாவற்றிலும் பெரிய மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். திமி என்ற மீனை விழுங்குவது திமிங்கிலம், திமிங்கிலத்தை விழுங்குவது திமிங்கிலகிலம் என்று கதை கட்டி, வாய் பெருத்தால் எல்லாவற்றையும் விழுங்கும் என்று நம்மைப் பயமுறுத்தி வைத்தார்கள். உலகத்திலுள்ள மீன்களிலெல்லாம் பெரியது திமிங்கிலச் சுறா. நம் கரையில் அம்மணி உழுவை என்று சொல்லப்படுவது. 40 அடியும் அதற்கு மேலும் வளரும். அதன் வாயில் ஒரு பிள்ளை படுத்துக் கொள்ளலாம். ஆனால் அது தின்பது என்ன? கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மிதக்கும் உயிர்களும், மீன் முட்டையும், சிறு மீனும். பல் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றும் அரிசி மணி போன்றது. சில சமயம் தலை மேலாகச் செங்குத்தாய் நின்று கொண்டு, நம் குளத்துக் கெண்டையைப் போலவே தண்ணீரை உறிஞ்சி, செவுளில் வடிகட்டிக் கொள்ளுகிறது. இதன் வாயைக் கட்ட மந்திரம் எதற்கு? கட்ட வேண்டியிருந்தது மனிதன் கையைத்தான். ஈரல் எண்ணெய்க்காகவும் மாமிசத்துக்காகவும் குஜராத் கரையில் இதைக் கொன்று குவித்தார்கள். 2001இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இப்போது அக்கரையில் வலையில் சிக்கினால் செம்படவர்களே வலையை அறுத்து விட்டு விடுகிறார்கள்.

கடித்து அறுக்கும் சுறாவும் உண்டே என்றால், உண்டு. அதனிடம் கடல்கட்டியின் யோக்கியதை எப்படியிருந்தது என்பதற்கு ஒரு சம்பவம். ராபர்ட் பெர்சிவல் என்ற இராணுவ அதிகாரி 1803இல் வெளியிட்ட சிலோன் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறார். ஒரு சலாபத்தில் ஒரு குளிகாரனின் கால் சுறாவுக்குப் போய் விட்டது. தலைமை மந்திரக்காரனைக் கூப்பிட்டு, "உன் மந்திரம் என்னவாயிற்று?" என்று கேட்டார்கள். அவன் சிறிதும் அஞ்சவில்லை. மலையாளக் கரையிலிருந்து தன்மேல் பகை கொண்ட ஒரு சூனியக்காரக் கிழவி வந்து எதிர்மந்திரம் வைத்து விட்டாளென்றும், தான் அதை அறிவதற்குள் காரியம் மிஞ்சி விட்டதென்றும், இனிமேல் ஒரு சுறாவும் வாய் திறவாதென்றும் சொன்னான். அந்தச் சலாபம் முடிகிற வரையில் வேறு விபத்து நடக்கவில்லை. அவன் மதிப்பு முன்னிலும் உயர்ந்தது!

தோழர்களே, கவனியுங்கள். கடிக்காவிட்டால் மந்திரம் பலித்தது. கடித்தால் கிழவி கெடுத்தாள். எந்தப் பக்கம் விழுந்தாலும் பணம் அவனுக்கு. கால் போனவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்று அந்தப் புஸ்தகத்தில் நாம் காணவில்லை.

இதை ஒரு ஜாதியின் தலையில் மட்டும் கட்டவும் முடியாது. 1845 முதல் 1850 வரை சிலோனில் பெரிய உத்தியோகத்திலிருந்த எமர்சன் டென்னென்ட் எழுதும்போது, அன்றிருந்த கடல்கட்டி ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவர். அந்தச் சக்தி பரம்பரையாய் வருவது, மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக் கொண்டார்களாம். ஆள் மாறினான், சாமி மாறிற்று, பங்கு மாத்திரம் மாறவில்லை. அதே டென்னென்ட், சுறாவால் நேர்ந்த விபத்து வெகு அபூர்வமென்றும் எழுதுகிறார். நூற்றுக்கணக்கான தோணிகள் ஓரிடத்தில் கூடி, ஆயிரக்கணக்கான ஆட்கள் கூச்சலும் கும்மாளமுமாய்க் கல்லைப் பிடித்துக் கொண்டு குதித்தால், எந்த மீன் அங்கே நின்று கொண்டிருக்கும்? அந்தக் கூச்சலுக்குச் சேர வேண்டிய கூலியைத்தான் மந்திரக்காரன் வாங்கினான்.

கடல்கட்டி இப்போது இல்லை. ஆனால் பாம்புக்கு வாய்க்கட்டு மந்திரிக்கிறவனும், கடித்த பிறகு வேப்பிலை அடிக்கிறவனும் இருக்கிறார்கள். பெரும்பாலான பாம்புக்கு விஷமில்லை. விஷப் பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். அவையெல்லாம் மந்திரவாதியின் கணக்கில் வரவு. விரியன் கடித்துச் செத்தவன் மட்டும் விதியின் கணக்கில் செலவு. இதே ஜில்லாக்களின் வயல்களில் பாம்பு பிடிக்கும் இருளர்கள் 1978இல் சங்கம் வைத்து, வடநெம்மேலியில் விஷமெடுத்து மருந்து செய்யக் கொடுத்து வருகிறார்கள். அவர்கள் பாம்பின் வாயைக் கட்டுவதில்லை, திறந்து பார்க்கிறார்கள். கடிபட்டவனை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வேப்பிலைக்காரன் வாசலிலேயே நிற்கட்டும்.

தலைவர் கடியாரத்தைக் காட்டுகிறார். ஊதாமல் உறிஞ்சி விளக்கை அணைத்தவர் எவரேனும் இருந்தால் நாளைக் காலை நாம் பஸ் ஏறுவதற்குள் வந்து சொல்லும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.