ரெட்டைச் சடையும் உயரக்கோலும்

வயசுக்கு வரும் பருவத்தில் பிள்ளை இருக்கிற வீட்டில் "எத்தனை கிலோ இருக்கா?" என்று கேட்பார்கள். உயரத்தை யாரும் கேட்பதில்லை. வயதும் உயரமும் தெரியாமல் 38 கிலோ என்றால் டாக்டரான எனக்கு ஒன்றும் புரியாது.

எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தால் இரண்டு தடவை வகுங்கள்; அதுதான் பி.எம்.ஐ. பெரியவர்களுக்கான 18.5 என்ற கீழ் எல்லை இங்கே செல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி 14 வயதுப் பெண்ணுக்கு 15.4-க்குக் கீழே மெலிவு, 22.7-க்கு மேல் எடை அதிகம். 150 சென்டிமீட்டர் பிள்ளை 35 கிலோவும் இருக்கலாம், 51-ம் இருக்கலாம். நாம்தான் நோஞ்சான், குண்டு என்று பட்டம் சூட்டுகிறோம்!

எனக்குப் பிடித்த வேலை உயரம் அளப்பது. சிரிக்காதீர்கள். முக்கூடல் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு வரிசையில் நிற்கிறது. குட்டையானவள் குதிகாலைத் தூக்குவாள். திடீரென்று வளர்ந்தவள் வெட்கத்தில் கூனுவாள். ரெட்டைச் சடை, பிச்சிப்பூ, கிளிப் எல்லாம் சேர்ந்து பின்னந்தலையைச் சுவரில் ஒட்டவிடாது. பூவை எடுக்கச் சொன்னால் அழுகையே வந்துவிடும்! 150 சென்டிமீட்டர், 38 கிலோ பிள்ளைக்குக் கூனலில் மூன்று சென்டிமீட்டர் போனால் பி.எம்.ஐ. 16.9 என்பது 17.6 ஆகிவிடும். ஒரு வாய்ச் சோறு கூடாமலேயே பிள்ளை தேறிவிட்டாள், காகிதத்தில்.

"காலையில என்னட்டி சாப்பிட்ட?" என்றேன் ஒருத்தியிடம்.

"கடுங்காப்பி, டாக்டரம்மா." அம்மா விடிந்ததும் பீடி சுற்றும் சுளகோடு உட்கார்ந்துவிடுகிறாளாம். 2022-ல் வந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு சரி. பசி கூடுகிற வயதோ அதற்கப்புறம்தான்.

சடங்கானதும் உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய் என்று நம் ஊரில் தாங்குகிறோம். நல்லதுதான். ஆனால் உயரம் வேகமாகக் கூடும் காலம் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் பத்து வயதிலேயே தட்டுக்கு வரட்டும், ஆச்சிமார்களே!

எடை சரியாக இருந்தும் ரத்தம் குறையலாம். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் அப்படி. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடட்டும், டீயோடு வேண்டாம்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். எடை, உயரம், வயது, ரத்தம், நான்கையும் சேர்த்துப் பாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பூ இல்லாமல் சுவரோரம் நிறுத்தி, ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். ஆறு மாதம் கழித்து அடுத்த கோடு.