வேலைத்தலமும் நல்லொழுக்கமும்

 



நம்பிக்கையான ஆள் கிடைப்பதில்லை என்பது இன்று கடை வைத்திருப்போர் பலரின் முறையீடு. புதுக்கோட்டை கீழராஜ வீதியிலும் கேட்கலாம், அறந்தாங்கியிலும் கேட்கலாம். வந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று துருவித் துருவி விசாரிக்கும் நாம், அவன் வந்து சேர்ந்த இடம் எப்படிப்பட்டது என்பதை விசாரிப்பதில்லை.

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராகப் பெருமானார் (ஸல்) அவர்களின் பணிவிடைக்கு வந்து பத்தாண்டுகள் இருந்தார்கள். அத்தனை காலத்தில் ஒரு முறைகூட நபியவர்கள் சலித்துச் 'சீ' என்றதில்லை. ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கடிந்ததும் இல்லை. இதை அனஸ் (ரலி) அவர்களே பிற்காலத்தில் அறிவித்திருக்கிறார்கள். அங்கே வளர்ந்த பணியாளர் எப்படி நடந்துகொண்டார்? ஒரு நாள் நபியவர்கள் ஒரு காரியமாக அவரை அனுப்ப, வீடு திரும்பத் தாமதமாகிவிட்டது. தாயார் உம்மு சுலைம் (ரலி) காரணம் கேட்டபோது, அது அல்லாஹ்வின் தூதருடைய இரகசியம் என்று கூறிப் பெற்ற தாயிடமே சொல்ல மறுத்துவிட்டார். அந்தத் தாயும், அப்படியானால் யாரிடமும் சொல்லாதே என்றார்கள். மிரட்டி வாங்கிய விசுவாசமா இது?

நம் மாவட்டத்துக் கல்குவாரிகளையும் எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே கல் உடைத்த பெண்கள் குத்தகைக்காரர்களின் பிடியில் கொத்தடிமைகளாய் உழன்றார்கள். உழைப்பு அவர்களுடையது, கணக்கு மற்றவர் கையில். இத்தகைய இடத்தில் பயமும் மௌனமுமே பழக்கமாகும். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. அறிவொளி இயக்கம் ஊர் ஊராக எழுத்தறிவைக் கொண்டு சென்ற காலம் அது. கல் அதே கல். சம்மட்டி அதே சம்மட்டி. உடைத்தவர்களும் அதே பெண்கள்தாம். கணக்கு அவர்கள் கைக்கு வந்ததும் நடத்தையே மாறிற்று. கூடிப் பேசினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். குடுமியான்மலைக் குவாரிப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுப் பிறருக்கும் கற்றுக் கொடுத்தார்கள். பழைய குத்தகைக்காரர்களின் எதிர்ப்பையும் மீறித்தான் இவ்வளவும் நடந்தது. இடம் மனிதரை எப்படி ஆக்குகிறது என்பதற்கு இதைவிட அருகில் சான்று வேண்டுமா?

இப்போது நம் கடைக்கு வருவோம். மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபியவர்கள் ஈரத்தைக் கண்டார்கள். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற பொருள்பட எச்சரித்தார்கள். நல்ல சரக்கை மேலே பரப்பி மட்டத்தை அடியில் தள்ளும்படி நாம் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் பையன் எதைக் கற்கிறான்? வாடிக்கையாளரை ஏய்க்கப் பழகிய கை, கல்லாப்பெட்டி அருகில் மட்டும் அமானிதம் பேணுமா?

கூலி விஷயமும் அப்படியே. வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், பத்தாம் தேதிவரை இழுத்தடிப்பது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. உள்ளூரிலும் சிங்கப்பூர், வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இதன் வலி தெரியும். ஆயினும் இடம் கெட்டது என்பது மறுமையில் அவர்களுக்குச் சாக்காகிவிடாது. அவரவர் கை செய்ததற்கு அவரவரே பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும் முதலாளி முதல் ஸஃப்பில் வந்து அமர்கிறார். கடைப் பையனோ கடைசி ஆளுக்குச் சரக்குக் கட்டிக் கொடுத்து, ஷட்டரை இழுத்துவிட்டு, இரண்டாம் ரக்அத்தில் ஓடி வந்து சேர்கிறான். வரும் வெள்ளிக்கிழமை அவனையும் உங்களுடனே அழைத்து வாருங்கள்.